கடல்மீன் டேங்க்ல சிக்ஸ்லைன் ராஸ் மீன், புது ஃபேரி ராஸ் மீனை விடாமத் துரத்துது. யாரை வெளியே எடுக்கறது?

உப்புத்தண்ணி:
4 அடி டேங்க், சுமார் 400 லிட்டர். சிக்ஸ்லைன் ராஸ் ஒண்ணு ஒன்றரை வருஷமா இருக்கு. கூட க்ளவுன் மீன் ஜோடி, மஞ்சள் கோரிஸ் மீன் ஒண்ணு. இதுவரைக்கும் சண்டையே கிடையாது. மூணு வாரம் குவாரன்டைன்ல வச்சுட்டு நேத்து சாயந்தரம் ஒரு லுபாக் ஃபேரி ராஸ் விட்டேன். பத்து நிமிஷம் கூட ஆகல, சிக்ஸ்லைன் பாறை இடுக்குல இருந்து அம்பு மாதிரி பாய்ஞ்சு வாலைக் கடிச்சுது. இன்னிக்குக் காலையில ஃபேரி மேல் மூலையில தண்ணி மட்டத்தோட ஒட்டி நிக்குது. வால் துடுப்பு கிழிஞ்சிருக்கு, தீனிக்கு வரல. பழகிடும்னு விட்டுடலாமா?

பவளத்திட்டு:
விடாதீங்க. சிக்ஸ்லைனை எடுத்துடுங்க. மூணு அங்குல மீனுக்கு இருக்கிற திமிர் டேங்க் கொள்ளாது. மேல் மூலையில நின்னு சாப்பிடாம இருக்கிற ஃபேரி ரொம்ப நாள் தாங்காது.

மணல்மேடு:
மத்ததெல்லாம் அப்புறம். மூடி இருக்கா? துரத்தல் வாங்கின ஃபேரி ராஸ் மேல்பக்கமாத்தான் தப்பிக்கும். காலையில தரையில காய்ஞ்சு கிடந்தா இந்த விவாதமே வேஸ்ட்.

உப்புத்தண்ணி:
வலை மூடி இருக்கு. ஒயர் போற மூலையில மட்டும் ஒரு சின்ன சந்து.

மணல்மேடு:
அந்தச் சந்துலதான் போகும். இப்பவே அடைங்க.

நீரோட்டம்:
தீர்ப்பு எழுதறதுக்கு முன்னாடி கொஞ்சம் விசாரிக்கலாமே. நண்பரே, இரண்டு கேள்வி. ஃபேரியை நேரடியாக விட்டீர்களா, அக்ளிமேஷன் பாக்ஸில் (புது மீன் பழகும்வரை டேங்குக்குள் தனியே வைக்கும் பெட்டி) வைத்தீர்களா? ஒரு நாளைக்கு எத்தனை முறை தீனி?

உப்புத்தண்ணி:
நேரடியாத்தான் விட்டேன். தீனி சாயந்தரம் ஒரு வேளை.

நீரோட்டம்:
நினைத்தேன். ராஸ் பகல் முழுக்க எதையாவது கொத்திக்கொண்டே திரியும் மீன். ஒரு வேளைச் சாப்பாட்டில் நிறுத்தினால் பாறையில் உள்ள ஒவ்வொரு பூச்சியையும் தன் சொத்து என்றுதான் காக்கும். மூன்று வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஃபேரியை இன்றே ஓட்டை போட்ட கண்ணாடிப் பெட்டியில் போட்டு டேங்குக்குள்ளேயே தொங்கவிடுங்கள். ஒரு வாரம் ஒன்றையொன்று பார்க்கட்டும். அதற்குள் பாறைகளில் இரண்டு மூன்றை இடம் மாற்றினால் பழைய எல்லைக்கோடுகள் குழம்பிவிடும். டேங்கின் பக்கவாட்டில் வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி ஒட்டினால், சிக்ஸ்லைன் தன் நிழலோடு மல்லுக்கு நிற்கும்.

பவளத்திட்டு:
அண்ணே, நீங்க சொன்ன நாலையும் செஞ்சு பார்த்தவன் நான். என் கதையைக் கேளுங்க.

சிக்ஸ்லைன் இருந்த டேங்க்ல ஒரு ஃப்ளாஷர் ராஸ் சேர்த்தேன். பெட்டியில பத்து நாள். முதல் நாள் பெட்டியைச் சுத்திச் சுத்தி முட்டுச்சு. நாலாவது நாள் கண்டுக்கல. அடடா, திருந்திடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். பத்தாவது நாள் பெட்டியைத் திறந்தேன், அடுத்த நிமிஷம் துரத்தல். பெட்டிக்குள்ள இருக்கிற வரைக்கும் அது எட்டாத மீன், அவ்வளவுதான். எட்டாததை விட்டுடுச்சு, மறக்கல. பாறையை மாத்தினேன். அரை நாள் குழம்புச்சு, மறுநாள் புது எல்லை போட்டுக்கிச்சு. கண்ணாடி ஒட்டினேன். காலையில அதுக்கிட்ட முறைச்சுட்டு, அதே சூட்டோட வந்து ஃப்ளாஷரை அடிச்சுது. கடைசியில ஃப்ளாஷரை வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன். தப்பு செஞ்சது ஒண்ணு, வீட்டை விட்டுப் போனது இன்னொண்ணு.

எல்லா விரட்டலும் ஒரே மாதிரி இல்லங்கறதையும் சொல்லிடறேன். ஆண் ஃபேரி துடுப்பெல்லாம் விரிச்சு, நிறம் பளீர்னு ஏத்தி, பக்கவாட்டுல ஓடிக் காட்டும். அது வெறும் பந்தா. ஒரு அடி துரத்திட்டுத் திரும்பினாலும் பயப்பட வேண்டாம். ஆனா ஓடி ஒளிஞ்ச மீனைத் தேடிப் போய் அடிக்குது பாருங்க, அது வேற. இங்க நடக்கறது அதுதான்.

நீரோட்டம்:
உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் உங்களுடைய ஒரு மீனை வைத்து மொத்த சாதிக்கும் முத்திரை குத்துகிறீர்கள். இவர் டேங்கில் மஞ்சள் கோரிஸும் ராஸ்தானே? அதை ஏன் தொடவில்லை?

பவளத்திட்டு:
அது மணல்ல வேலை பார்க்கும், ராத்திரி மணலுக்குள்ள புதைஞ்சு தூங்கும். சிக்ஸ்லைனுக்குப் பாறை இடுக்கு. பாதை குறுக்கிடல.

நீரோட்டம்:
அப்படியானால் ஃபேரி நடுத்தண்ணீரில் மிதந்து வரும் தீனியைப் பிடிப்பது. அதுவும்தான் குறுக்கிடவில்லை. உங்கள் காரணம் அங்கேயே உடைகிறதே.

உப்புத்தண்ணி:
ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். கோரிஸ்தான் முதல்ல வந்தது. சிக்ஸ்லைன் வந்தது ரெண்டு மாசம் கழிச்சு.

நீரோட்டம்:
பாருங்கள்! பிரச்சினை மீனில் இல்லை, வரிசையில். சாதுவை முதலில், முரடனைக் கடைசியில் விட வேண்டும் என்று சொல்வதே இதற்காகத்தான்.

பவளத்திட்டு:
அதையேதான் நானும் சொல்றேன்! தனக்கு முன்னாடி இருந்ததைப் பொறுத்துக்கும், பின்னாடி வர்ற சின்ன மீனைப் பொறுத்துக்காது. அப்ப அது இருக்கிற வரைக்கும் புதுசா ஒரு ராஸ் சேர்க்க முடியாது. வரிசையில கடைசி ஆள்னா, அதுக்கப்புறம் கதவைச் சாத்திடணும். உப்புத்தண்ணி இன்னும் மீன் சேர்க்கப் போறாரா இல்லையா, கேள்வி அவ்வளவுதான்.

உப்புத்தண்ணி:
இன்னும் ரெண்டு ஃபேரி சேர்க்க ஆசை. ஆனா சிக்ஸ்லைனை அனுப்பவும் மனசு வரல. தட்டைப்புழு, க்ளாம் சிப்பி மேல ஒட்டற குட்டி நத்தை எல்லாத்தையும் அதுதானே தின்னுது.

பவளத்திட்டு:
மஞ்சள் கோரிஸும் அந்த வேலையைப் பார்க்கும். சம்பளம் வாங்காத காவலாளி உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு.

மணல்மேடு:
ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வழி. ஃபேரி டேங்க்லயே இருக்கட்டும், சிக்ஸ்லைனைப் பிடிச்சு சம்ப்ல (டேங்க்கோட சேர்ந்த ஃபில்டர் தொட்டி) ஒரு பெட்டிக்குள்ள ரெண்டு மூணு வாரம் போடுங்க. ஃபேரி தேறி, பாறையெல்லாம் பழகினப்புறம் சிக்ஸ்லைனைக் கடைசி ஆளா திருப்பி விடுங்க. கையால பிடிக்கப் பாறையைப் பிரிக்காதீங்க, பவளம் போயிடும். தீனி வச்ச பொறிதான். ரெண்டு நாள் கதவைத் திறந்தே வச்சு உள்ள தீனி போடுங்க, தானா போய்ப் பழகும். அப்புறம் கதவை இழுங்க. அடுத்த ரெண்டு ஃபேரி வாங்கும்போது சின்னப் பெண் மீனா பாருங்க. பெண்தான் பின்னாடி ஆணா மாறும், முதல்லயே வளர்ந்த ரெண்டு ஆணை ஒண்ணா விட்டா அடுத்த பஞ்சாயத்து.

நீரோட்டம்:
இதற்கு நான் சம்மதம். மூன்று வேளைத் தீனியை மட்டும் கைவிடாதீர்கள்.

பவளத்திட்டு:
திருப்பி விட்ட ரெண்டாம் நாள் இங்க வந்து எழுதுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்.

உப்புத்தண்ணி (9 நாள் கழித்து):
நாலாவது நாள் பொறியில சிக்ஸ்லைன் மாட்டுச்சு. இப்ப சம்ப்ல இருக்கு, கோவமா. ஃபேரி அன்னிக்கு மத்தியானமே நடுவுல வந்து நல்லா சாப்பிட்டுது, துடுப்பும் வளருது. ஆனா ஒரு வேடிக்கை. நேத்துலேர்ந்து மஞ்சள் கோரிஸ் ஃபேரியைத் துரத்த ஆரம்பிச்சிருக்கு. இத்தனை நாள் அதுக்கு இப்படி ஒரு குணம் இருக்குன்னே தெரியாது.

நீரோட்டம்:
பெரியவர் ஊரில் இல்லை என்றதும் அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார். எவ்வளவு தூரம் துரத்துகிறது?

உப்புத்தண்ணி:
தீனி போடற நேரத்துல மட்டும், அரை அடி. அப்புறம் மணலைக் கொத்தப் போயிடுது.

பவளத்திட்டு:
துடுப்பு கிழிஞ்சிருக்கா?

உப்புத்தண்ணி:
இல்ல. ஃபேரியும் ஒளியல.

பவளத்திட்டு:
அப்ப விடுங்க. சிக்ஸ்லைனுக்கு மட்டும் வேற வீடு பாருங்க.

நீரோட்டம்:
இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, தம்பி.