வேலிடிட்டிக்குத் தமிழ்: ‘அளவுண்மை’யா, ‘இலக்குப்பொருத்தம்’ என்பதா?

நாகர்கோவிலிலிருந்து:

வணக்கம். உடற்தகுதித் தேர்வுகளை மாணவர்களே வடிவமைக்கும் பாடத்துக்குக் குறிப்பு எழுதுகிறேன். வேலிடிட்டி (validity), அதாவது அளக்க நினைத்ததையே தேர்வு அளக்கிறதா என்பது, அந்த இடத்தில்தான் தடுக்கிறது. ‘செல்லுபடி’ என்றால் பிள்ளைகளுக்கு பஸ் பாஸும் ரீசார்ஜும் நினைவுக்கு வரும். ‘ஏற்புடைமை’ என்றால் யார் ஏற்பது என்று கேட்பார்கள். ‘அளவுண்மை’ என்று வைக்கலாமா?

உட்கார்ந்து முன்குனிந்து எட்டும் தேர்வையே எடுங்கள். செருப்பைக் கழற்றி, பாதத்தைப் பெட்டியில் ஒட்டி, முழங்கால் மடங்காமல், கைமேல் கை வைத்து, வெட்டி இழுக்காமல் மெல்லத் தள்ள வேண்டும். இப்படி ஒழுங்காகச் செய்தால் இன்று 24 செ.மீ. எட்டியவன் அடுத்த வாரமும் அதையொட்டித்தான் எட்டுவான். நம்பகத்தன்மைக்குக் குறைவில்லை. ஆனால் மாணவர் குழு தாளில் ‘கீழ்முதுகின் நெகிழ்வு’ என்று எழுதியிருந்தால் அந்தத் தேர்வு உதவாது, அது அளப்பது பெரும்பாலும் பின்தொடைத் தசையை. இந்த வேறுபாட்டைச் சுட்டும் சொல்தான் வேண்டும்.

தோவாளையிலிருந்து:

டீச்சர், ‘அளவுண்மை’ என்றால் ஸ்டாப்வாட்ச் சரியா, டேப் தொய்கிறதா என்ற பக்கம் மனம் போகும். அது துல்லியம். ‘இலக்குப்பொருத்தம்’ என்று சொல்லிப் பாருங்கள். எதை அளக்க நினைத்தோமோ அதற்குத் தேர்வு பொருந்துகிறதா என்ற கேள்வி சொல்லிலேயே இருக்கிறது. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை எதிர்த்து 50 மீட்டர் ஓடவிட்டால் வாட்ச் சரியாகத்தான் காட்டும், ஆனால் பிள்ளையின் வேகம் அதில் தெரியாது. இலக்குப்பொருத்தம் இல்லை என்று விளக்கிவிடலாம்.

குளச்சலிலிருந்து:

சார், சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, எடுத்துக்காட்டை மாற்றுங்கள். காற்று ஒருவன் ஓடும்போது வீசும், அடுத்தவனுக்கு அடங்கும். ஒரே பிள்ளைக்கு இரண்டு நேரம் வரும். அது முதலில் நம்பகத்தன்மைச் சிக்கல். தடத்தைக் காற்றுக்குக் குறுக்காகப் போட்டாலே பாதி குறையும்.

படியேறும் தேர்வு இதைவிடத் தெளிவு. கல்லூரி மாணவர்களுக்கென்று வகுத்த ஒரு முறையில் படி 41.3 செ.மீ., நேரம் 3 நிமிடம், ஆண்களுக்கு நிமிடத்துக்கு 24 ஏற்றம், பெண்களுக்கு 22. அதே படியில் எட்டாம் வகுப்புக் குட்டைப் பிள்ளையை ஏற்றினால் முழங்கால் இடுப்பருகே வந்துவிடும். இதயத் திறனுக்கு முன்னே தொடை சோர்ந்து நின்றுவிடுவாள். எத்தனை முறை வைத்தாலும் அதே மதிப்பெண்தான் வரும். அளந்தது காலின் நீளத்தை. படியைக் குறைக்கலாம். ஆனால் அதன்பின் பழைய அட்டவணையோடு ஒப்பிடக் கூடாது என்பதையும் குழு எழுத வேண்டும்.

நாடி எண்ணுவதையும் தனியாகக் காட்டுங்கள். இந்தப் படித் தேர்வில் ஏறுவதை நிறுத்தியபின் 5-ஆம் விநாடியிலிருந்து 20 வரை எண்ணி நாலால் பெருக்க வேண்டும். கழுத்தில் நாடியைத் தேடித் தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும், பிள்ளை உள்ளதைவிடத் தகுதியானவளாகத் தெரிவாள். ஒரு துடிப்பு விட்டால் நிமிடத்துக்கு நாலு பிசகும். இது அளப்பவர் பிழை. இதையும் இலக்குப்பொருத்தத்தில் சேர்த்தால் சொல் மழுங்கிவிடும்.

குழு நிரப்பும் தாளில் ‘இலக்கு’, ‘உண்மையில் அளப்பது’ என்று அடுத்தடுத்து இரண்டு கட்டம் போடுங்கள். இரண்டாவதை, தேர்வைப் பத்துப் பேரிடம் நடத்திப் பார்த்த பிறகே நிரப்பட்டும்.