பச்சைமலைக் காட்டுப் பாதையை வரைபடத்தில் போடலாமா?

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

நம் சைக்கிள் மன்றத்தில் எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறையில் மூன்று நாள் கிராவல் பயணம் (மண்ணும் சரளையுமான பாதைகளில் சைக்கிள்) ஒன்று போட்டிருக்கிறேன். தஞ்சையிலிருந்து திருவையாறு, அப்புறம் காவிரிக் கரையைப் பிடித்துத் திருக்காட்டுப்பள்ளி, கல்லணை. முதல் இரவு திருச்சி. மறுநாள் துறையூர், உப்பிலியபுரம் வழியாகச் சோபனபுரம் போய் அங்கிருந்து பச்சைமலை ஏற்றம். மூன்றாம் நாள் வந்த வழியே இறங்காமல் மலையின் மறுபக்கம் இறங்கிவிட வேண்டும் என்று ஆசை.

செயற்கைக்கோள் படத்தில் உற்றுப் பார்த்தேன். மேலே கடைசி ஊரைத் தாண்டிக் காட்டுக்குள் ஒரு வெளிர் கோடு போகிறது. நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். அது முடிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே கீழே இறங்கும் சாலை தெரிகிறது. யாராவது அதில் போயிருந்தால் ஜிபிஎஸ் தடம் (போன வழியைக் கருவி பதிந்த கோப்பு) கொடுங்கள். இல்லையென்றால் நானே போய்ப் பதிவு செய்து இங்கே எல்லோருக்கும் போடுகிறேன்.

நாலு வருடமாக ஆற்றங்கரையிலேயே ஓட்டுகிறேன். நம் தஞ்சாவூரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர்தான். என் வண்டியில் ஏற்றத்துக்கென்று இருக்கும் பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரம் இன்னும் வாங்கிய அன்று இருந்த மாதிரியே பளபளக்கிறது. சங்கிலி அதில் ஏற வேலையே வரவில்லை. டெல்டாக்காரனுக்கும் ஒரு மலை வேண்டும்.

குடமுருட்டி (திருவையாறு)

தம்பி, மலை ஏறுங்கள், நன்றாக ஏறுங்கள். அந்த வெளிர் கோட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.

அது காப்புக்காடு. 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. 2024இல் வனத்துறை 40 நடைபாதைகளைத் திறந்தது. அதிலும் இணையத்தில் பதிவு செய்து, உள்ளூர் வழிகாட்டியோடுதான் போக முடியும்.

நீங்கள் ஒருவர் போனால் காடு அழிந்துவிடாது, உண்மைதான். என் பயம் நீங்கள் போடப்போகும் அந்த ஜிபிஎஸ் தடத்தைப் பற்றித்தான். இந்த வருடம் நாலு சைக்கிள் போகும். அடுத்த வருடம் அதே தடத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு பைக்குகள் வரும், பாட்டில்கள் வரும், அடுப்பு மூட்டுவார்கள். போட்டவர் அழித்தாலும் இறக்கி வைத்தவர்களிடம் இருக்கும்.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன். அந்த ஊர் மக்கள் அதில் நடந்து போகிறார்கள், விறகு எடுக்கிறார்கள். நாங்கள் சத்தமில்லாமல் இரண்டு சக்கரத்தில் கடந்துபோவதில் காட்டுக்கு என்ன குறைந்துவிடும்? தடத்தை மறைத்துவைத்தால் தெரிந்தவர்கள் நாலு பேர் மட்டும் போவார்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. நானே ஆரம்பத்தில் முகம் தெரியாத யாரோ போட்ட தடத்தை வைத்துத்தான் கிராவல் ஓட்டக் கற்றேன்.

இன்னொன்று. நாம் தினமும் ஓட்டும் ஆற்றங்கரையும் அரசின் நிலம்தான். அங்கே யாரிடம் அனுமதி கேட்கிறோம்?

பாமணி ஆறு (மன்னார்குடி)

கரையைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் சைக்கிள்காரன் இல்லை, விவசாயி. மகன் ஓட்டுகிறான், அவன்தான் இதைக் காட்டினான்.

பெரிய ஆற்றின் கரையில் டிராக்டரே போகும், அதில் சைக்கிளால் ஒன்றும் ஆகாது. எங்கள் பாசன வாய்க்கால் கரை அப்படியில்லை, மேலே ஒன்றரை முழம் அகலம்தான். போன கார்த்திகையில் விடாத மழை. வாய்க்கால் விளிம்பு வரை தண்ணீர். கரை களிமண் ஊறிப் பிசைந்த மாவு மாதிரி இருந்தது. அதில் யாரோ சைக்கிளில் போயிருக்கிறார்கள், சக்கரத் தடம் விரல் ஆழம். கரை கொஞ்சம் தாழ்ந்த இடத்தில் அந்தத் தடம் விளிம்பிலிருந்து வயல் பக்கம் சரிந்திருந்தது. விடியற்காலை மண்வெட்டியோடு போனபோது அந்தக் கோடு வழியாகத் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி இறங்கி, வயல் பக்கக் கரையைக் கையகலத்துக்கு அரித்திருந்தது. வைக்கோலைத் திணித்து, மண் வெட்டிப் போட்டு, மிதித்து அடைத்தோம். இன்னும் இரண்டு மணி நேரம் கழித்துப் போயிருந்தால் சம்பாப் பயிர் மணலுக்கு அடியில்.

ஓட்டியவர் கெட்டவர் இல்லை, அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். வரைபடத்தில் அது வெறும் கோடு. எந்த மாதத்தில் எந்தக் கரை தாங்கும் என்று வரைபடம் சொல்லாது.

மகாமகக்குளம் (கும்பகோணம்)

ஐயா சொன்னதை இங்கே எல்லோரும் இரண்டு முறை படிக்க வேண்டும்.

தம்பியின் திட்டத்தில் காலமே பொருந்தவில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். பொங்கல் சமயத்தில் ஆற்றில் தண்ணீர் இருக்கும், கரை மண்ணில் ஈரம் இருக்கும். 42 மில்லிமீட்டர் டயரில் டெல்டாக் களிமண் ஒட்டினால் ஃபோர்க்குக்கும் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது. அரசலாற்றங்கரையில் வண்டியைத் தோளில் தூக்கி மூன்று கிலோமீட்டர் நடந்திருக்கிறேன். வழியில் கிடந்த தென்னை மட்டையைக் கீறி, அந்தக் குச்சியால் மண்ணை நோண்டி எடுத்தேன்.

கரை காய்ந்து சக்கரம் உருளும் காலம் பிப்ரவரி முதல் மே வரை. மலையில் அதே மாதங்கள்தான் தீக்காலம், புல் காய்ந்து கிடக்கும். ஆக, மலைக்கான மாதம் வேறு, கரைக்கான மாதம் வேறு. இரண்டையும் ஒரே பயணத்தில் கோக்காதீர்கள்.

மலை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இதே வண்டியில் ஏறியிருக்கிறேன், முழுக்கத் தார்ச்சாலை. ஏறி முடித்த அந்தச் சாயங்காலத்தை எந்தத் தடத்துக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மிளகுக்கொடி (துறையூர்)

பச்சைமலை எனக்கு மாமனார் ஊர். இரண்டு பக்கமும் கொஞ்சம் கேளுங்கள்.

முதலில் அந்தக் கோடு. நீங்கள் பார்த்தது பாதையாகவே இல்லாமல் இருக்கலாம். கோடைக்கு முன்னால் தீ பரவாமலிருக்கக் காட்டுக்குள் நீளமாகப் புதரையும் புல்லையும் வெட்டி வெறும் மண்ணாக்கி விடுவார்கள், தீத்தடுப்புக் கோடு என்பார்கள். மேலிருந்து பார்த்தால் அச்சாகச் சாலை மாதிரியே தெரியும். மேடு பள்ளம் பார்க்காமல் நேராகப் போவதுதான் அடையாளம். மனிதர் நடந்த பாதை சரிவுக்குத் தகுந்தபடி வளைந்துதான் போகும். தீத்தடுப்புக் கோடு ஊருக்குப் போகாது. போய் ஏதாவது பள்ளத்தில் முடியும்.

இரண்டாவது, குடமுருட்டி அண்ணன் சொல்வது போல மலை முழுக்கப் பூட்டிவைத்த காடும் இல்லை. மேலே மலையாளிப் பழங்குடியினரின் (கேரளத்து மலையாளிகள் இல்லை) ஊர்கள் இருக்கின்றன. மரவள்ளி போடுகிறார்கள், ஊருக்கு ஊர் சாலை இருக்கிறது. சில துண்டுகள் தார், சில துண்டுகள் கப்பி, சில துண்டுகள் வெறும் மண். கிராவல் வண்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? அங்கே ஓட்டுங்கள். டீக்கடையில் உட்காருங்கள், வழி கேளுங்கள். நீங்கள் செலவழிக்கும் நூறு ரூபாய் அந்த ஊரில் தங்கட்டும்.

இறக்கத்தில் கவனம். வளைவின் உள்பக்கத்தில் சரளை குவிந்து கிடக்கும், மேலே சருகு மூடியிருக்கும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் பிரேக் பிடிக்கும் டிஸ்க் தட்டு கொதித்துவிடும். விட்டு விட்டுப் பிடியுங்கள், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள். அடிவாரம் நெருங்கினால் சீமைக்கருவேல முள் இருக்கும். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும், முள் குத்திய ஓட்டையை அடைக்கும் சீலண்ட் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், கிளம்பும் முன் புதிதாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

தீத்தடுப்புக் கோடு பற்றி எனக்குச் சுத்தமாகத் தெரியாது. இப்போது படத்தைத் திரும்பப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட வளையவில்லை. நல்லவேளை கேட்டேன். அந்தத் துண்டை எடுத்துவிட்டேன்.

மன்னார்குடி ஐயா, மழைக்காலத்தில் சிறு வாய்க்கால் கரைகளில் நானும் ஓட்டியிருக்கிறேன். உங்கள் கரை இல்லை, ஆனால் யாரோ ஒருவருடைய கரை. மன்னித்துக்கொள்ளுங்கள். இனி ஓட்டமாட்டேன். என் பழைய தடங்களில் அப்படிப்பட்ட கரைகள் இருக்கும் இடங்களை இன்று இரவே வெட்டிவிடுகிறேன்.

பொங்கலுக்கு மலை மட்டும், திருச்சி வரை தார்ச்சாலை. ஆனால் ஊர்ச் சாலைகளின் தடத்தைக் கட்டாயம் வெளியிடுவேன் அண்ணே. எந்தத் துண்டு மண், எங்கே தண்ணீர், எந்த ஊரில் சாப்பாடு என்று எல்லாம் எழுதியே போடுவேன். அதில் உங்கள் பேச்சைக் கேட்க முடியாது.

குடமுருட்டி (திருவையாறு)

ஊர்ச் சாலைக்கும் எனக்கு முழுச் சம்மதமில்லை. அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள் என்பேன். வண்டிகள் கூடினால் அந்தச் சாலையில் பள்ளிக்கு நடந்துபோகும் பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம். துறையூர்த் தம்பி, உங்கள் மாமனாரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

மிளகுக்கொடி (துறையூர்)

கேட்கிறேன் அண்ணே. ஞாயிற்றுக்கிழமை மேலே போகிறேன். அவர் ஒருவர் சொன்னால் போதாது, ஊரில் இன்னும் நாலு பேரிடமும் கேட்டு வந்து எழுதுகிறேன். அதுவரை தம்பி எதையும் போடாமல் இருக்கட்டும்.

வெண்ணாற்றங்கரை (தஞ்சாவூர்)

சரி, காத்திருக்கிறேன்.

பாமணி ஆறு (மன்னார்குடி)

மாசியில் எங்கள் பக்கம் வாருங்கள். அறுவடை முடிந்து, ஆற்றில் தண்ணீர் நின்று, கரை இறுகிக் கிடக்கும். எந்தக் கரை தாங்கும், எது தாங்காது என்று மகன் கூடவே வந்து காட்டுவான்.