டைப் 1, கீமோ, ஸ்டீராய்டு: பள்ளிக்கூடமும் சைக்காலஜிஸ்டும், உங்கள் அனுபவம் என்ன?

தேனிக்காரி:
மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் ஊசி. ஏழாவது படிக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சுகர் 300க்கு மேல். டோஸை மாற்றிப் பார்த்த டாக்டர் கடைசியில் சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார். அந்த மேடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. தாளைக் கொடுத்து, "உன் ஸ்கூலை வரை. மதியம் ஊசி போடுற இடத்துல ஒரு புள்ளி வை" என்றார். கழிப்பறையில் வைத்தாள். உடனே அதை அடித்துவிட்டுப் பென்சிலைக் கீழே போட்டாள். தாழ்ப்பாள் உடைந்த கழிப்பறையாம். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு எப்படிக் குத்துவது? மதிய ஊசியையே விட்டிருக்கிறாள். வகுப்பில் எடுத்தால் மற்ற பிள்ளைகள் பயப்படுமாம், மிஸ் சொன்னது. மேடம் பள்ளியோடு பேசி ஸ்டாஃப் ரூமில் இடம் வாங்கிக் கொடுத்தார். "அது என்ன ஊசி?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அவளோடு நடித்தும் பார்த்தார். சுகர் இப்போது பரவாயில்லை. எனக்குத்தான் அந்த அடித்த புள்ளி மறக்கவில்லை.

கரூர் குமரன்:
சொன்னால் கேட்கிற பள்ளி உங்களுக்கு வாய்த்திருக்கிறது, சகோதரி. என் மகனுக்கு நெஃப்ராடிக் என்ற சிறுநீரக நோய். ஸ்டீராய்டில் முகம் உப்பி, வகுப்பில் 'பன்னு' என்று பேர். வகுப்புக்கே விளக்கிச் சொல்லலாம் என்றார் எங்கள் சைக்காலஜிஸ்ட். அவன் வேண்டாம் என்று தலையாட்டியதை அங்கே நான் மட்டும்தான் பார்த்தேன். டீச்சர் விளக்கினார். மறுநாளிலிருந்து வயிற்றுவலி என்று படுத்துவிட்டான். எல்லாரிடமும் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

வார்டு சைக்காலஜிஸ்ட்:
குமரன் சார், குழந்தை சம்மதிக்காமல் வகுப்பில் சொல்லக்கூடாது. அதில் உங்கள் பக்கம்தான். என்னிடம் வந்தவன் ரத்தப் புற்றுநோய்ப் பையன், மெயின்டனன்ஸில், அதாவது நோய் திரும்பாமலிருக்கத் தொடரும் கீமோவில் இருந்தான். 'சோம்பேறி' என்று பள்ளி அனுப்பியது. அறிவுத்திறன் சோதனை வைத்தேன். வாய்மொழிக் கேள்விகளில் வெளுத்துக் கட்டினான். கட்டைகளை அடுக்கும்போது என் ஸ்டாப்வாட்ச்சைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இது வேணாம்க்கா, நான் முடிச்சிருவேன்" என்றான். முடித்தான், பிழையே இல்லை. ஆனால் நேரம் தாண்டியதால் மதிப்பெண் கிடையாது. முதுகில் போடும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ ஊசி சில பிள்ளைகளுக்கு வேகத்தைக் குறைக்கும், அறிவை அல்ல. தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு அறிக்கை கொடுத்தேன். தலைமையாசிரியர் கேட்டது: "அதான் முடி முளைச்சாச்சே, இன்னும் என்ன?"

ஓய்வுபெற்றவன்:
அண்ணன் பேத்திக்கு தலசீமியா. ரத்தம் ஏற்றும் நாளெல்லாம் ஆப்சென்ட் போட்டார்கள். என் கதை அவ்வளவுதான். இனி எல்லாரும் கவனியுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை உண்டு. தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் என்ற மூன்று ரத்த நோய்களும் அதில் இருக்கின்றன. டைப் 1 இல்லை, அதனால் தேனிக்காரி அந்தச் சான்றிதழுக்கு அலைய வேண்டாம். சிபிஎஸ்இ என்றால், பத்தாவது, பன்னிரண்டாவது தேர்வறைக்கு டைப் 1 பிள்ளைகள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோகலாம் என்று 2017இலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். டாக்டர் சான்றிதழைப் பள்ளி வழியாக முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ரத்தத்தில் சுகர் 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இதை எழுதி வகுப்பறையில் ஒட்டச் சொல்லுங்கள்.

தேனிக்காரி:
ஐயா, 70ம் 15ம் எங்களுக்குத் தூக்கத்திலும் வரும். சுவரில் ஒட்டினால் அவள் அந்த வகுப்புக்கே போகமாட்டாள்! குமரன் அண்ணா, தம்பி இப்போது பள்ளிக்குப் போகிறானா?

கரூர் குமரன்:
போகிறான்மா, வேறு பள்ளி. அங்கே வகுப்பு டீச்சருக்கு மட்டும் தெரியும். அவரிடமும் அவனேதான் சொன்னான்.