மறு: 'சிக்னிஃபையர்' – குறிப்பானா, சாடையா?

வணக்கம் நண்பர்களே,

செயலி, இணையதள வடிவமைப்பில் வரும் 'சிக்னிஃபையர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் சொற்பட்டியலில் குறிப்பான் என்றே வைத்துவிடலாம் என்று நேற்று வந்த கருத்து எனக்கு ஒப்பவில்லை. மொழியை ஓர் அமைப்பாகப் பார்க்கும் அமைப்பியல் பற்றி எழுதுபவர்கள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். குறிப்பான் (சொல்லின் ஒலிவடிவம்), குறிப்பீடு (அது சுட்டும் கருத்து) என்று ஜோடியாக மொழியியலாளர் சொசூரோடு ஒட்டிக்கிடக்கிறது. நமக்கு வேண்டியது, ஒரு பொத்தானைப் பார்த்த உடனே 'இங்கே அழுத்தலாம்' என்று உணர்த்துகிற விளிம்பு, நிழல், நிறம் இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு பெயர்.

உளவியலாளர் கிப்சனின் 'அஃபோர்டன்ஸ்' (ஒரு பொருளை வைத்து நாம் என்ன செய்ய முடியும் என்பது) என்ற சொல்லை 1988இல் டான் நார்மன் தன் நூல் வழியாக வடிவமைப்புக்குள் கொண்டுவந்தார். ஆனால் பலரும் அதைத் தோற்றத்துக்கே சொல்ல ஆரம்பித்ததால், 2013இல் அந்த நூலைத் திருத்தியபோது சிக்னிஃபையரைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். கதவைத் தள்ள முடியும் என்பது அஃபோர்டன்ஸ், தள்ள வேண்டிய கதவு என்று பார்த்ததும் தெரியவைப்பது சிக்னிஃபையர்.

என் முன்மொழிவு: சாடை.

கண்சாடை, கைச்சாடை என்கிறோம், வாய் திறக்காமலே சேதி போய்விடுகிறது. அதோடு 'குழந்தை அப்படியே அப்பா சாடை' என்றும் சொல்கிறோம் இல்லையா, அந்தப் பொருளும் இங்கே பொருந்துகிறது, ஏனென்றால் பொத்தான் என்றால் பொத்தான் சாடை இருக்க வேண்டும். என் அம்மாவின் பணம் அனுப்பும் செயலியில் 'அனுப்பு' என்பது கட்டம்கூட இல்லாமல் வெறும் நீல எழுத்தாக இருந்தது. அம்மா அதைத் தலைப்பு என்று நினைத்து, பொத்தான் எங்கே என்று திரை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். 2013இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 பொத்தான்களின் விளிம்பை எடுத்தபோதும் இதே குழப்பம்தான், அடுத்த ஆண்டே 7.1இல் வேண்டுமென்றால் பொத்தான் வடிவத்தைக் காட்டும் ஒரு அமைப்பைச் சேர்த்தார்கள். திரையில் நெரிசலைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் சாடையையும் சேர்த்துத் துடைத்துவிட்டால் அது எளிமை ஆகாது. இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்த முடிவதற்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.1, பொத்தான் போன்றவற்றை அடையாளம் காணத் தேவையான விளிம்புக்கும் பின்னணிக்கும் குறைந்தது 3:1 ஒளிர்வு வேறுபாடு கேட்பதும் இதற்காகத்தான்.

'சாடைமாடையாகப் பேசுவது' மறைமுகம் ஆயிற்றே, நமக்கு வேண்டியது வெளிப்படை அல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. ஆனால் மறைவு அந்த இணைச்சொல்லில்தான் இருக்கிறது, தனியாக வரும் சாடையில் அது இல்லை. கண்சாடை காட்டுகிறவர் எதிரில் இருப்பவருக்குப் புரிய வேண்டும் என்றுதானே காட்டுகிறார்!

எனக்கு உண்மையான தயக்கம் வேறு இடத்தில். ஈழத்தில் 'சாடையான காய்ச்சல்' என்றால் லேசான காய்ச்சல். அதனால் 'சாடையான பொத்தான்' என்று எழுதினால் மங்கலான பொத்தான் என்று நேர்எதிராகப் போய்விடும். 'சாடையுள்ள பொத்தான்', 'சாடையற்ற பொத்தான்' என்று மட்டும் எழுதினால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நண்பர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, காதுக்கு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அதுவரை சொற்பட்டியலில் சேர்க்காமல் வைத்திருக்கிறேன்.