'கிட்டி கார்னர்' வயல் என்றால் எந்த வயல்?

வணக்கம். பாபநாசம் பக்கம் எங்கள் வயலுக்கு அருகே உள்ள நிலத்தைக் குத்தகைக்குத் தருவதாக, அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் மெயில் போட்டிருக்கிறார். "உங்கள் வயலுக்குக் கிட்டி கார்னரில் இருப்பது" என்கிறார். அகராதியில் பார்த்தேன், மூலைக்கு மூலை எதிரே இருப்பதாம். 'கேட்டர் கார்னர்' என்பதன் திரிபு. நான்கைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாம். ஆங்கிலத்தில் 'கிட்டி' என்றால் பூனைக்குட்டிதான், ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

சரி, ஆனால் உதாரணமெல்லாம் நாற்சந்திக் கட்டடங்கள், நடுவே தெரு. வயலுக்குச் சொன்னால், நான்கு வரப்பும் கூடும் முனையில் ஒட்டியிருக்கும் ஈசானி மூலை வயலா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உள்ளதா? ஒட்டியிருந்தால் எங்கள் மடையிலிருந்தே தண்ணீர் பாய்ச்சலாம். இல்லாவிட்டால் இன்ஜின் வைக்க வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்கள் யாராவது, அங்கே பேச்சில் இதை எப்படிப் புழங்குகிறார்கள் என்று சொல்லுங்களேன். அவரிடமே கேட்கலாம்தான், அப்பாவுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.