பழைய சுமோ முன் வீல் பேரிங்: நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

மாரண்டஹள்ளி_சுமோ:
வணக்கம். எங்களிடம் 1998 மாடல் டாடா சுமோ இருக்கிறது, அப்பா வாங்கியது. சீசனில் பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போகும், மற்ற நாளில் வீட்டு வண்டி. கொஞ்ச நாளாக 50-க்கு மேல் போனால் முன்னால் இருந்து ஊ என்று ஒரு இரைச்சல், வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது, நியூட்ரலில் விட்டாலும் நிற்கவில்லை. ஒரு பட்டறையில் காட்டியதில் பேரிங் லூஸ் என்று சொல்லி, ஸ்பேனரில் பைப் மாட்டி நட்டை இறுக்கிக் கொடுத்தார்கள். இரைச்சல் குறைந்தது. ஆனால் தொப்பூர் கணவாய் இறங்கி சேலத்தில் நிறுத்தியபோது வலது ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) பக்கம் கையே வைக்க முடியவில்லை, இடது பக்கம் வெதுவெதுப்புதான். இதை நானே சரிசெய்யலாமா? ஜாக்கியும் ஸ்பேனர் செட்டும் இருக்கிறது.

பழைய_டீசல்:
தம்பி, முதலில் அந்த வண்டியில் லோடு ஏற்றுவதை நிறுத்துங்கள். சுமோவின் முன் ஹப்பில் இருப்பது டேப்பர் ரோலர் பேரிங், அதாவது கூம்பு வடிவ உருளைகள் கொண்டது, உள்ளே ஒன்று வெளியே ஒன்று. நட்டை பைப் போட்டு இறுக்கினால் ரோலர்கள் ரேஸில் (அவை உருளும் வளையம்) அழுந்தி, கிரீஸ் உருகி ஓடி, இரும்பு நீலம் பாய்ந்து, கடைசியில் பேரிங் பிடித்துக்கொள்ளும். சக்கரமே கழன்று போன வண்டிகள் உண்டு. லூஸாக இருப்பதை விட அதிகமாக இறுக்குவதுதான் சீக்கிரம் கெடுக்கும், இதை எத்தனை முறை சொன்னாலும் நம் பக்கத்துப் பட்டறைகளில் காதில் வாங்குவதில்லை.

நீங்களே செய்யலாம், கஷ்டமான வேலை இல்லை. சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கியதும் சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது. முன்னால் டிஸ்க் பிரேக் என்பதால் பேட்களை அழுத்தும் காலிப்பரைக் கழற்றி, பிரேக் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் பேட் உரசுவதைப் பேரிங் இறுக்கம் என்று நினைத்துவிடுவீர்கள். டஸ்ட் கேப்பை எடுத்து, ஸ்ப்ளிட் பின்னையும் (நட்டு கழலாமல் குறுக்கே போடும் கம்பி) நட்டையும் கழற்றி, பேரிங்கை வெளியே எடுத்து டீசலில் கழுவிப் பாருங்கள். ரோலரிலோ ரேஸிலோ புள்ளி புள்ளியாகப் பெயர்ந்திருந்தாலும் நீலம் பாய்ந்திருந்தாலும் அட்ஜஸ்ட் செய்து பிரயோஜனம் இல்லை, ரேஸும் ரோலரும் சேர்த்து ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கழுவிய பேரிங்கை ஏர் அடித்துச் சுழல விடாதீர்கள், ரோலர் தெறிக்கும். பிரேக் தூசியையும் ஏர் அடித்து ஊதாதீர்கள், பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

அப்புறம் சூடு தாங்கும் வீல் பேரிங் கிரீஸை உள்ளங்கையில் வைத்து ரோலர் இடுக்குகளில் மறுபக்கம் பிதுங்கும் வரை அழுத்துங்கள். பழைய கிரீஸோடு கலக்காதீர்கள், ஆயில் சீல் புதிது போடுங்கள். மாட்டும்போது ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை மிதமாக இறுக்கினால் ரோலர்கள் தங்கள் இடத்தில் உட்காரும். பிறகு நட்டை முழுதாகத் தளர்த்தி, மறுபடி விரல் பலத்தில் மட்டும் திருகுங்கள், ஸ்பேனர் வேண்டாம். ஸ்ப்ளிட் பின் போடும் ஓட்டை நேராக வரவில்லை என்றால் தளர்த்தும் பக்கம்தான் கொண்டு வர வேண்டும், இறுக்கும் பக்கம் அல்ல. டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) இருந்தால் பொதுவாக 0.025 முதல் 0.125 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கலாம், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. ஸ்ப்ளிட் பின் எப்போதும் புதிது.

காவேரிப்பட்டணம்_லேத்:
மேலே அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஒன்றைச் சேர்க்கிறேன். தொப்பூரில் இறங்கும்போது பிரேக் அதிகம் வேலை செய்யும், ஆனால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுதான் சூடாகும். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் பேரிங்காக இருக்கலாம், காலிப்பரின் ஸ்லைடு பின் இறுகி பேட் விடாமல் உரசுவதாகவும் இருக்கலாம். நட்டைத் தொடுவதற்கு முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், பிறகு காலிப்பரை எடுத்துவிட்டுச் சுற்றுங்கள். அப்போது லேசாகச் சுற்றினால் குற்றம் பிரேக்கில்.

ஆட்டம் பார்க்கும்போது டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் சஸ்பென்ஷனின் பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் ஸ்டீயரிங்கின் டை ராட் முனை.

சத்தம் எந்தப் பக்கம் என்பதற்கு, இடது பக்கம் வளையும்போது பாரம் வலது சக்கரத்தில் ஏறும். அப்போது இரைச்சல் கூடினால் பெரும்பாலும் வலதுதான்.

ஊத்தங்கரை_800:
இதே முறையில் என் மாருதி 800-க்கும் செய்யலாமா?

பழைய_டீசல்:
கூடாது. 800 முன் சக்கர டிரைவ், அதில் இருப்பது பால் பேரிங், அட்ஜஸ்ட் செய்யும் வேலையே இல்லை. ஹப் நட்டை மேனுவலில் சொன்ன முழு டார்க்கில் (இறுக்கும் விசை) இறுக்கத்தான் வேண்டும். சத்தம் வந்தால் பேரிங் மாற்றுவதுதான் வழி.

மாரண்டஹள்ளி_சுமோ:
ரொம்ப நன்றி அண்ணா, லேத் அண்ணாவுக்கும். இன்று காலை வலது பக்கம் கழற்றினேன். காலிப்பர் நன்றாக நகர்கிறது. வெளி பேரிங்கின் ரேஸில் ஒரு பக்கம் முழுக்கக் குழி விழுந்து நீலமாக இருக்கிறது, கிரீஸ் கருகித் தார் மாதிரி ஆகிவிட்டது. உள், வெளி இரண்டும் செட்டாக வாங்கப் போகிறேன். ஹப்பில் பழைய ரேஸ் இறங்க மாட்டேன் என்கிறது, சுத்தியலால் தட்டலாமா?

காவேரிப்பட்டணம்_லேத்:
பித்தளைக் கம்பியை எதிர்ப்பக்கமிருந்து விட்டு, ஒரே இடத்தில் அடிக்காமல் சுற்றிச் சுற்றித் தட்டினால் இறங்கும். புது ரேஸை அடிக்கும்போது அதன் மேல் பழைய ரேஸைக் கவிழ்த்து வைத்துத் தட்டுங்கள், அடி சத்தம் கணீரென்று மாறினால் அடிவரை உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். தைரியம் வராவிட்டால் ஹப்பைக் கழற்றி ஒரு லேத்துக்கு எடுத்துப் போய் பிரஸ் பண்ணி வாங்குங்கள். இடது பக்கத்தையும் திறந்து பாருங்கள், அதிலும் அதே பைப்தான் போட்டிருப்பார்கள்.

பழைய_டீசல்:
எல்லாம் மாட்டிய பிறகு வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடலை நாலைந்து தடவை மிதித்து பெடல் கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள், காலிப்பர் கழற்றும்போது பேட் உள்ளே போயிருக்கும், முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. சும்மா ஊருக்குள் ஒரு பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி, இரண்டு ஹப்பையும் தொட்டு ஒப்பிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஆனதும் மறுபடி தூக்கி ஆட்டம் பாருங்கள், புது ரேஸ் கொஞ்சம் அமர்ந்திருக்கும். அதற்குப் பிறகு தக்காளி ஏற்றலாம்.