கோழிக்கு மினரல் மிக்சர், புரோபயாட்டிக் ரெண்டும் கொடுத்தும் கொட்டகைத் தரையில் போட்ட உமி ஈரமாகுது, கோழிக்குக் கால் தளருது. எங்கே தப்பு?

தேவகோட்டை பக்கம்
1500 பிராய்லர் (கறிக்கோழி), சொந்தக் கொட்டகை, கம்பெனி வளர்ப்பு இல்லை. இன்னைக்கு 22 நாள். கடையில் வாங்குற பெல்லட் (சின்ன உருளை வடிவ) தீவனம்தான். 50 கிலோ மூட்டைக்கு 1 கிலோ மினரல் மிக்சர் கலக்குறோம். தொட்டித் தண்ணியில் பிளீச்சிங் பவுடர் போட்டு, அதே தண்ணியில் காலையில் புரோபயாட்டிக், அதாவது லாக்டோபேசில்லஸ்ங்கிற நல்ல கிருமி பவுடர். 18ஆம் நாள்லேர்ந்து எச்சம் தண்ணியாப் போகுது, உமி கட்டி பிடிக்குது. நாப்பது கோழிக்கு மேல உக்காந்தே தின்னுது. டோஸை ஏத்தவா, பிராண்டை மாத்தவா?

காரைக்குடி
ரெண்டும் வேண்டாம் அண்ணே. இன்னைக்கே மினரல் மிக்சரை நிறுத்துங்க.

கடைத் தீவனத்தில் கால்சியம் சுமார் 1% இருக்கும், 50 கிலோவுக்கு 500 கிராம். உங்க மிக்சர் மூட்டையில் கால்சியம் 28%னு அச்சடிச்சிருந்தா, 1 கிலோ போடும்போது இன்னும் 280 கிராம் ஏறுது. மொத்தம் ஒன்றரை சதவீதத்தைத் தாண்டிருச்சு. கூடுதல் கால்சியம் குடலில் பாஸ்பரஸைப் பிடிச்சு வச்சுக்கும், துத்தநாகம், மாங்கனீஸையும் உள்ளே விடாது. எலும்புக்குன்னு போட்டது எலும்பையே கெடுக்குது. எச்சமும் இளகும். தீவனத்தை நீங்களே அரைச்சுக் கலக்கினா மிக்சர் வேணும், ரெடிமேடுக்கு மேல வேண்டியதில்லை. மாட்டுக்கு வாங்கினதா இருந்தா இன்னும் மோசம், அதோட கணக்கே வேற.

செத்த கோழி ஒண்ணோட தொடை மூட்டுக்குக் கீழே இருக்குற எலும்பை எடுத்து ரெண்டு கையால வளைச்சுப் பாருங்க. 'டக்'குனு முறியணும். ரப்பர் மாதிரி வளைஞ்சா பாஸ்பரஸோ வைட்டமின் டி3யோ பத்தல. எலும்பு கெட்டியா இருந்து, முழங்கால் மாதிரி தெரியுற கணுக்கால் மூட்டுக்குப் பின்னாடி நரம்பு (தசைநாண்) ஒரு பக்கமா நழுவி, கால் பக்கவாட்டில் திரும்பியிருந்தா அது மாங்கனீஸ் குறைவு பக்கம். நழுவின நரம்பு திரும்ப உக்காராது, அந்தக் கோழிகளைப் பிரிச்சு முதல்ல வித்துருங்க.

பள்ளத்தூர்
புரோபயாட்டிக்கைப் பத்தி: குளோரின் தண்ணியில் லாக்டோபேசில்லஸைப் போட்டா பாக்கெட் காசு மொத்தமும் வீண். கிருமியைக் கொல்லப் போட்ட மருந்து நல்ல கிருமியை மட்டும் விட்டுவைக்குமா?

பிளீச்சிங் போடாத தண்ணியைத் தனி டிரம்மில் பிடிங்க. அது முடியாட்டி, திறந்த டிரம்மில் 24 மணி நேரம் ஆற விடுங்க. அல்லது லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்து 20 நிமிஷம் கழிச்சுப் புரோபயாட்டிக்கைப் போடுங்க. காலையில் அரை மணி நேரம் குடிநீரை நிறுத்தி, தாகம் வந்ததும் 40–50 லிட்டரில் கொடுத்தா ரெண்டு மணி நேரத்தில் முடியும். பால்பவுடர் போன நிப்பிள் லைனை (கோழி கொத்திக் குடிக்குற குழாயை) அன்னைக்கே நல்ல தண்ணி விட்டு அலசணும். இல்லாட்டி உள்ளே வழவழப்புப் படிஞ்சு அடைக்கும். ஆன்டிபயாட்டிக் ஓடுற நாளில் கொடுக்காதீங்க.

இவ்வளவு மெனக்கெட முடியாதுன்னா பேசில்லஸ் சப்டிலிஸ் வகை வாங்குங்க. அது கெட்டி ஓட்டுக்குள்ள தூங்குற வித்து வடிவில் இருக்கு, தீவன மில் சூட்டையே தாங்கும், தீவனத்திலேயே போடலாம். கிராமுக்கு 100 கோடினு லேபிளில் இருந்தா 50 கிலோவுக்கு 50 கிராம் போதும், ஒரு கிராம் தீவனத்துக்கு 10 லட்சம் வரும். பெல்லட்டில் பவுடர் ஒட்டாது, தீனித்தட்டு அடியில் போய்த் தங்கிரும். 100 மில்லி தவிட்டெண்ணெயை முதல்ல தூவிப் புரட்டி, பவுடரை 2 கிலோ தீவனத்தோட கலந்து, பிறகு மொத்தத்தோட கலக்குங்க.

கண்டனூர்
மேல சொன்னது சரி, ஆனா 18ஆம் நாள்னு கேட்டதும் எனக்கு முதல் சந்தேகம் ரத்தக் கழிச்சல் (காக்சிடியோசிஸ்) நோய்தான். செத்த கோழியோட ரெண்டு குருட்டுக் குடலையும் கீறிப் பாருங்க. உள்ளே ரத்தமோ சீஸ் மாதிரி கட்டியோ இருந்தா டாக்டர்ட்ட காட்டி அம்ப்ரோலியம் ஆரம்பிங்க. 20% பவுடர்னா லிட்டருக்கு 1.2 கிராம், 5 நாள். அந்த 5 நாளும் பி காம்ப்ளக்ஸ் கூடாது, மருந்து வேலை செய்யாது. கொலிஸ்டின்னு ஒரு ஆன்டிபயாட்டிக்கை யாராச்சும் கைகாட்டினா வாங்காதீங்க, இந்தியாவில் உணவுக்கு வளர்க்குற பிராணிகளுக்கு அதை 2019லேயே தடை பண்ணிட்டாங்க.

கட்டி பிடிச்ச உமியை அள்ளி வெளியே போட்டு, புது உமி போட்டு தினம் ரெண்டு தடவை கிளறுங்க. நிப்பிள் ஒழுகுதானும் பாருங்க, ஈரம் அங்கேர்ந்தும் வரும்.

தேவகோட்டை பக்கம்
எலும்பு வளையுது. குடலில் ரத்தம் இல்லை. புரோபயாட்டிக்குக்குப் பதிலா மோர் கொடுத்தா?

பள்ளத்தூர்
நிப்பிள் லைனில் மோர் ஊத்தினா அடைச்சுரும். அதுல எவ்வளவு கிருமி இருக்குன்னும் கணக்கு இல்லை. வேணும்னா தட்டு டிரிங்கரில் கொடுத்து ரெண்டு மணி நேரத்தில் கழுவிருங்க. எலும்பு வளையுறதால திரவ டி3யும் பாஸ்பரஸும் லேபிள் அளவுப்படி 5 நாள் தண்ணியில் விடுங்க. உக்காந்திருக்குற கோழிகளைத் தனியா அடைச்சு, தீனித்தட்டை முதுகு உயரத்துக்குக் கீழே இறக்கி வைங்க. மீதி லாக்டோபேசில்லஸ் பாக்கெட் தகரக் கூரைக்கு அடியில் இருந்தா இந்த வெயிலுக்கு அதுல உயிர் தங்காது, வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போய் வைங்க.